2007 மார்ச்சில் பிறந்தவன்

போன ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகன் அறையில் கும்மென்று மாம்பழ வாசனை. "பழம் எங்கடா?" என்றால் திருதிருவென்று முழிக்கிறான். கடைசியில் தலையணைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது, விரல் நீளத்தில், நீல நிறத்தில், பக்கவாட்டில் கார்ட்டூன் கரடி போட்ட ஒரு வேப், அதாவது மின்சிகரெட். "இது சிகரெட் இல்ல மாமா" என்றான், ஏதோ நான் தப்பாகப் புரிந்துகொண்டது போல.

பையன் பிறந்தது 2007 மார்ச்சில். 2022 ஜூலையில், அப்போது மலேசியாவின் சுகாதார அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின் மக்களவைக்குக் கொண்டுவந்த மசோதா உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் சிகரெட்டோ வேப்போ விற்கக்கூடாது என்று சொன்ன மசோதா, ஒரு தலைமுறையோடு புகைப்பதற்கே முடிவு கட்டுவது என்ற பொருளில் எல்லாரும் ஜி.இ.ஜி. (Generational End Game) என்று பேசிக்கொண்டோமே, அதுதான். "உன் பையன் தப்பிச்சான்" என்று அன்றைக்கு அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னவன் நான்தான்.

மசோதா தேர்வுக்குழுவுக்குப் போனது. அக்டோபரில் நாடாளுமன்றம் கலைந்தது. புதிய அரசாங்கம் 2023 ஜூனில் மறுபடி கொண்டுவந்தது, மறுபடி தேர்வுக்குழு. நவம்பரில் சட்டத்துறைத் தலைவர், இது அரசமைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்லும் சமத்துவத்துக்கு முரணாகலாம் என்றார். அந்த மாதம் 30ஆம் தேதி மசோதா மக்களவையில் நிறைவேறியபோது 2007 என்ற எண்ணே அதில் இல்லை.

எனக்கு இதைவிட ஆறாதது வேறு ஒன்று. அதே 2023 மார்ச் 31 அன்று வேப்புக்குள் இருக்கும் திரவ நிக்கோட்டினை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மறுநாளே மில்லிலிட்டருக்கு 40 சென் வரி. அதாவது வசூலுக்கு வழி செய்தாயிற்று, ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை விற்காதே என்று சொல்லும் அந்த மசோதா, சட்டம் 852 என்ற பெயரில் அமலுக்கு வந்தது 2024 அக்டோபர் 1 அன்றுதான். நடுவில் ஒன்றரை வருஷம். இவன் அப்போது நான்காம் படிவம். முதல் வேப்பை எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். பள்ளிக்குப் பக்கத்தில் கைப்பேசி உறை விற்கிற கடையிலாம். வயதை யாரும் கேட்கவில்லையாம். கேட்க வேண்டும் என்று அன்றைக்குச் சட்டமே இல்லையே!

சிகரெட் நல்லது என்று எந்த மக்கள் பிரதிநிதியும் எழுந்து பேச மாட்டார், இந்தக் காலத்தில் அது எடுபடாது. பேச்செல்லாம் தனிமனித உரிமை, சமத்துவம், சின்ன மளிகைக் கடைக்காரர் பிழைப்பு, கள்ளச் சிகரெட் என்றுதான் வரும். கள்ளச் சிகரெட் ஒன்றும் பொய் இல்லை, வரி கட்டாத பாக்கெட்டை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சந்தையில் பாதிக்கு மேல் கள்ளச் சரக்கு என்று வருஷா வருஷம் பத்திரிகையில் வந்ததே ஒரு கணக்கு, அந்த ஆய்வுக்குச் சொல்லி ஏற்பாடு செய்தது மலேசியப் புகையிலை உற்பத்தியாளர் கூட்டமைப்பு. செய்தியைப் படிக்கும்போது அந்த வரி கண்ணில் படாது. எண் மட்டும் மனசில் நிற்கும், அப்புறம் அதே எண் அவையில் பேசுகிறவர் வாயிலிருந்து வரும்.

யாரையோ விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. யார் யாரைப் போய்ப் பார்த்தார்கள் என்று பதிவேடு வைக்கச் சொல்லும் சட்டம் நம் நாட்டில் கிடையாது, கட்சி நன்கொடைக்கும் தனிச் சட்டம் கிடையாது. பிறகு என்னத்தைச் சொல்வது? புகையிலைக் கம்பெனிகளின் வியாபார நலன் சுகாதாரக் கொள்கைக்குள் புகாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலை உடன்படிக்கையை 2005இல் ஏற்றுக்கொண்ட நாடு இது. அந்த உடன்படிக்கையின் 5.3ஆம் விதி அது. ஆனால் புகையிலைக் கம்பெனிகளுக்கு இடம் கொடுக்கும் பழக்கம் இங்கே ரொம்பப் பழசு. என் சின்ன வயதில் நம் காற்பந்து லீக்குக்கே டன்ஹில் சிகரெட்டின் பெயர்தான். 2004 வரைக்கும் அப்படித்தான் ஓடியது, எங்கள் அப்பா உட்பட யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை.

நியூசிலாந்தும் 2022இல் இப்படி ஒரு சட்டம் போட்டது. நாம் எண்ணை அழித்த அதே நவம்பர் கடைசியில் அங்கே வந்த புதிய அரசாங்கம் அதை ரத்து செய்யப்போவதாக அறிவித்தது. சிகரெட் வரிப் பணம் வரிக்குறைப்புக்கு உதவும் என்று அவர்களின் நிதியமைச்சர் வாய்விட்டே சொன்னார். அந்த மட்டும் நேர்மை.

மாலத்தீவு மட்டும் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்திவிட்டது. தேதியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, நம்முடைய அதே 2007 ஜனவரி 1. சுற்றுலாப் பயணிகளுக்கும் பொருந்துமாம். அக்கா மகன் அங்கே போனால் ஒரு சிகரெட் வாங்க முடியாது. இங்கே அவன் பதினெட்டைத் தாண்டிவிட்டான், எந்தக் கடையிலும் வாங்கலாம்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. கிளம்பும்போது வேப்பை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.