ஏஎம்4 போர்டு: ஹீட்சிங்கோடு பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வராமலிருக்க

ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசஸர், அதோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் (ஹீட்சிங்க் எனும் உலோகச் சூடுதணிப்பானும் அதன்மேல் ஃபேனும்). லோடு கொடுத்தால் சூடு 90 டிகிரியைத் தாண்டுகிறது, பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. மாற்றுவது சின்ன வேலைதான். ஆபத்தெல்லாம் ஹீட்சிங்கைத் தூக்கும் அந்த ஒரு நொடியில்.

ஏஎம்4 எனும் ஏஎம்டி சாக்கெட்டில் 1331 பின்களும் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. சாக்கெட்டின் ஓரத்திலுள்ள லீவர் அவற்றைப் பக்கவாட்டில் கவ்வுகிறது, அவ்வளவே. இன்டெல் போர்டில் இருப்பதுபோல மேலே அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டம் கிடையாது. காய்ந்த பேஸ்ட் அதைவிடப் பலமாக ஒட்டியிருக்கும். நேராக இழுத்தால், லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசஸர் கையோடு வந்துவிடும், பின் வளையும்.

அதனால் முதலில் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடேற்றுங்கள். பிறகு ஷட்டவுன் செய்து பவர் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சக் கரண்டையும் வடித்துவிடுங்கள். கேபினெட்டைப் படுக்க வைத்து, ஃபேன் ஒயரை உருவி, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்கும் மறுக்குமாக இரண்டிரண்டு சுற்றாகத் தளர்த்துங்கள். ஸ்டெல்த்தின் ஸ்க்ரூ நேரே போர்டின் பின்பக்கமுள்ள பின்தகட்டில் ஏறுவது. கடைசி ஸ்க்ரூ கழன்றதும் தகடு பின்னால் விழும், ஒரு கை அங்கே இருக்கட்டும். இனி ஹீட்சிங்கைத் தூக்காமல் இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். பிடி விட்டு வழுக்குவது கையில் தெரியும். அப்புறம்தான் தூக்க வேண்டும்.

அப்படியும் பிராசஸர் ஒட்டிக்கொண்டு வந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். ஹேர் டிரையரால் சூடுகாட்டி, பல் இடுக்கில் விடும் ஃபிளாஸ் நூலை இடையில் இழுங்கள். வளைந்த பின்னை, லெட்டை எடுத்துவிட்ட 0.5 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில் முனைக்குள் நுழைத்து நிமிர்த்தலாம். ஒரே மூச்சில் நிமிர்த்தினால் ஒடிந்துவிடும்.

பழைய பேஸ்ட்டுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், எண்ணெய்ப் பசை தங்கும். பிராசஸர் வெளியே வந்திருந்தால் லீவரை நிமிர்த்தி, அதன் மூலையிலுள்ள தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக வையுங்கள். பிராசஸர் தன் எடையிலேயே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அழுத்தாமல் பின்களைப் பாருங்கள்.

நடுவில் மிளகைவிடச் சற்றுப் பெரிய அளவு பேஸ்ட் போதும். வழிந்து சாக்கெட்டில் இறங்கினால் சுத்தம் செய்வது பெரும்பாடு. பின்தகட்டை ஒருவர் தாங்கிப் பிடிக்க, நான்கு ஸ்க்ரூவுக்கும் முதலில் மரை பிடித்துவிட்டுக் குறுக்காக இறுக்குங்கள். ஸ்க்ரூ தானாக முட்டி நிற்கும்.

ஃபேன் ஒயரை சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில் செருகி, கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்புத் திரையான பயாஸில் சூட்டைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 80-ஐத் தாண்டி ஏறினால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. டிஸ்ப்ளேயே வராவிட்டால் பிராசஸரைச் சந்தேகிக்குமுன் ரேமைக் கழற்றி மாட்டுங்கள், இந்தக் களேபரத்தில் அது அசைந்திருக்கலாம்.