கையுறைக்கு அப்பால்

டீக்கடையில் பக்கத்தில் நின்றவர் போனில் அந்தப் பழைய வீடியோ ஓடியது. கொலை வழக்கில் மாட்டிய அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே.சிம்ப்சன், சாட்சியமாகக் காட்டப்பட்ட கையுறையை நீதிமன்றத்தில் போட்டுப் பார்க்கிறார். உள்ளே போக மறுக்கிறது.

"காசு இருந்தா வக்கீல் என்ன வேணா பண்ணுவான் சார்" என்றார் அவர்.

எனக்கு மனசு கேட்கவில்லை.

சிம்ப்சனுக்காக வாதாடிய ஜானி காக்ரன், மைக்கேல் ஜாக்சனுக்கும் வக்கீல். உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது இந்தப் பெயர்களால்தான். ஆனால் அவரை வருடக்கணக்கில் தூங்கவிடாத பெயர் வேறு: ஜெரோனிமோ பிராட்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்தவர். 1968-ல் சான்டா மோனிகா டென்னிஸ் மைதானத்தில் ஒரு பெண் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டார். அன்று நான் ஓக்லாந்தில் இருந்தேன், பல நூறு கிலோமீட்டர் தள்ளி என்று பிராட் சொல்லிக்கொண்டே இருந்தார். காக்ரன் வாதாடினார். 1972-ல் தோற்றார். ஆயுள் தண்டனை.

பிராட்டுக்கு எதிராகச் சாட்சி சொன்ன முக்கியமான ஆள் போலீசுக்கும், அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ-க்கும் தகவல் கொடுப்பவர் என்பது ஜூரிக்குத் தெரியவே இல்லை. அரசுத் தரப்பு அதை மறைத்துவிட்டது. வசதியில்லாதவன் வழக்கு இப்படித்தான் நொறுங்குகிறது, சத்தமில்லாமல்.

சரி, தோற்ற வழக்கை எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்? புகழ், பணம், பெரிய ஆட்களின் வழக்குகள் எல்லாம் வந்த பிறகும் காக்ரன் அதை விடவில்லை. மற்ற வக்கீல்களோடு சேர்ந்து திரும்பத் திரும்ப மனுப் போட்டார்.

1997-ல் தண்டனை ரத்தானது. 27 வருடச் சிறைக்குப் பிறகு பிராட் வெளியே வந்தார்.

தன் தொழில் வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியான நாள் அதுதான் என்றார் காக்ரன். சிம்ப்சன் விடுதலையாகி அப்போது இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.