இரண்டு பிள்ளைகள், 15 கிலோமீட்டர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஆர்டர் கொடுக்கும் பையர்களோடு பேசிச் சரக்கை அனுப்பி வைப்பது. மெயிலில் இங்கிலீஷ் எழுதச் சொன்னால் நான் புலி. துணி எடைக்கு ஜிஎஸ்எம், நிறத்துக்கு ஷேட், ஷிப்மெண்ட் தேதி என்று எழுதித் தள்ளிவிடுவேன். நேரில் பேசச் சொன்னால்தான் புலி பதுங்கும்.

போன வருடம் இங்கிலாந்திலிருந்து பையர் அம்மா ஒருவர் வந்தார். சாம்பிளெல்லாம் பார்த்து முடித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குக் கம்பெனியில் இலை போட்டு விருந்து. என் வயிறு இருந்த லட்சணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். "ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்" என்றேன்.

அவர் கண் நேராக என் வயிற்றுக்குப் போனது. "ஓ! கங்கிராஜுலேஷன்ஸ்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பிள்ளை பெற்றதற்கு இத்தனை வருடம் கழித்து வாழ்த்துகிறாரே, நல்ல மனுஷி என்று நினைத்து, "ஒன் பாய், ஒன் கேர்ள்" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, இங்கே இது சட்டவிரோதம் இல்லையா என்று கேட்டார். எனக்கு உடனே லாரிக்குப் பின்னால் எழுதியிருக்கும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' ஞாபகம் வந்தது. "டூ ஓகே மேடம், த்ரீ ஒன்லி ப்ராப்ளம்" என்று தைரியம் சொன்னேன்.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாதென்று 1994லேயே நம் ஊரில் சட்டம் வந்துவிட்டது, ஸ்கேன் சென்டர் வாசலில் எல்லாம் போர்டு தொங்குகிறது. அதைத்தான் அவர் கேட்டிருக்கிறார் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அடுத்து, "ஹவ் ஃபார் அலாங் ஆர் யூ?" என்றார். ஃபார் என்றால் தூரம். "அவினாசி மேடம். 15 கிலோமீட்டர். டெய்லி பஸ்" என்றேன். பாவம், முகம் வாடிவிட்டது. அதற்கப்புறம் என்னை ஒரு சாம்பிள் பையைக்கூடத் தூக்க விடவில்லை. நடந்தால் நாற்காலி வந்தது. காபி கேட்டால் மோர் வந்தது.

அவர் கிளம்பியதும் எங்கள் ஆபீஸ் பெண்ணிடம் இந்த உபசாரத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவள் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். "அக்கா, ஹேவிங் லஞ்ச்னா சாப்பிட்டுட்டு இருக்கோம்னு அர்த்தம். ஹேவிங் பேபின்னா பெத்துக்கப் போறோம்னு அர்த்தம். ஹவ் ஃபார் அலாங்னா எத்தனை மாசம்னு அர்த்தம். உங்ககிட்ட ஏற்கனவே இருக்கறதுக்கு வெறும் ஹேவ் தாங்க்கா."

நமக்கு இந்த வம்பே கிடையாது. பணமா, என்கிட்ட இருக்கு. காய்ச்சலா, எனக்கு இருக்கு. பிள்ளைகளா, இருக்காங்க. பாவம் அந்த 'இரு' ஒன்றே எல்லாவற்றையும் சுமக்கும். அவர்களோ வைத்திருப்பதற்கும், குளிப்பதற்கும், காபி குடிப்பதற்கும், பிள்ளை பெறுவதற்கும் ஒரே ஹேவைப் போட்டுவிட்டு, எங்கே 'இங்' சேர்க்கலாம், எங்கே கூடாது என்று நம்மை அல்லாட விடுகிறார்கள். நல்லவேளை, லஞ்சோடு சேர்த்து யோசித்து, நான் பிள்ளைகளைச் சாப்பிடுவதாக அந்த அம்மா நினைக்கவில்லை.

மறுநாள் அவர் மெயில் வந்தது. என்னை நன்றாகப் பார்த்துக்கொள்ளும்படி முதலாளிக்கும் ஒரு காப்பி. முதலாளி வேர்த்துப்போய் வந்தார். "ஏம்மா, சீசன் நேரத்துல இப்படிப் பண்ணிட்டியே! முதல் ரெண்டுக்குத்தான் 26 வாரம் லீவு. மூணாவதுக்கு 12 வாரம்தான், தெரியுமில்ல?"

நடந்ததைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இரு, நானே பேசிச் சரி பண்ணிடறேன்" என்று அங்கேயே போனைப் போட்டார்.

"நோ நோ மேடம். ஷீ இஸ் ஆல்ரெடி ஹேவிங்! ஐ ஆம் ஆல்சோ ஹேவிங் த்ரீ!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.