பழைய மோட்டார் சைக்கிளின் ஹாண்டில் ஆட்டம்

மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் ஒழுங்காக ஓடிய பழைய மோட்டார் சைக்கிள், ஒட்டுசுட்டானில் கிரவல் பாதைக்கு இறங்கியதும் ஹாண்டிலை உதறினால், பலரும் உடனே ஹாண்டிலைப் பிடித்திருக்கும் கிளாம்ப் நட்டுகளையே முறுக்குகிறார்கள். அவை தளர்ந்திருந்தால் ஹாண்டில் மட்டும்தான் அசையும். கோளாறு பெரும்பாலும் அதற்குக் கீழே, ஹாண்டிலும் முன் சில்லும் சேர்ந்து திரும்புவதற்காகச் சட்டத்தின் முன்பக்கத்தில் இருக்கும் கழுத்துப் பெயாரிங்கில்தான் இருக்கும்.

நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சில்லு நிலத்தில் படாதவாறு தூக்கி, போர்க்கின் (முன் சில்லைத் தாங்கும் இரு குழாய்களின்) அடிப்பகுதியை இரு கைகளாலும் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். "டொக்" என்று தட்டுவது கையில் தெரிந்தால் பெயாரிங் தளர்ந்திருக்கிறது; கழுத்து நட்டை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். அளவுக்கு மீறி இறுக்கினால் வண்டி நேராக ஓடாமல் இரு பக்கமும் அலையும், அதுவும் ஆபத்தானது.

அடுத்து ஹாண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேர்நிலைக்கு வரும்போது பள்ளத்தில் விழுந்ததுபோல் தானாகவே நின்றுகொண்டால், பெயாரிங்கின் இரும்புக் குண்டுகள் தாம் உருளும் கிண்ணத்தில் பதிந்து குழி விழுந்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு இறுக்கினாலும் அது சரிவராது. குண்டு, கிண்ணம் எல்லாவற்றையும் செட்டாக மாற்றி, புதுக் கிறீஸ் நிரப்பத்தான் வேண்டும். பழைய வண்டி வாங்கப் போகும்போது, விற்பவர் "சும்மா ஒரு நட்டுத்தான்" என்று சொன்னாலும், விலை பேசுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

கழுத்து சரியாக இருந்தும் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்வு வந்தால், முன் ரயரின் தேய்மானத்தையும் றிம்மின் கோணலையும் பாருங்கள்.