மலை இறங்கிய ஜீப்புக்கு மறுநாள் செய்ய வேண்டியவை

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற பாதை வெறும் கல்லும் குழியும்தான். மலை இருப்பது தேனி மாவட்டத்தில். வண்டி போவதோ கேரளா வழியாக. சூரிய உதயம் பார்க்க ஆள் ஏற்றிப் போவது பெரும்பாலும் பழைய மஹிந்திரா ஜீப்கள். பெயின்ட் உதிர்ந்த இந்த வண்டிகள் எப்படித் தினமும் ஏறி இறங்குகின்றன என்று கேட்பவர்கள் பானெட்டைத்தான் திறந்து பார்ப்பார்கள். குனிந்து அடியில் பார்ப்பதே நல்லது.

பாறையில் இடித்து உடைந்தது அங்கேயே தெரிந்துவிடும். ஆக்சிலுக்குள் புகுந்த தண்ணீர், கிரீஸ் வற்றிய கிராஸ் (ஷாஃப்டை வளைந்து சுற்றவிடும் மூட்டு), தளர்ந்த யூ போல்ட் (ஸ்பிரிங் பட்டையை ஆக்சிலோடு கட்டும் போல்ட்) இந்த மூன்றும் அப்படியல்ல. மூன்று மாதம் கழித்து, பைபாஸில் 80-ல் போகும்போது காட்டும். அதனால் இந்தப் பதிவில் தடத்தில் ஓட்டுவது கொஞ்சம், ஓட்டி முடித்தபின் செய்வது நிறைய. எம்எம் 540, கமாண்டர், மேஜர், ஜிப்ஸி போன்ற பட்டை ஸ்பிரிங் (அடுக்கிய எஃகுத் தகடுகள்) வண்டிகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். 2020-க்குப் பிறகு வந்த மஹிந்திரா தாரில் நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங். அதில் பட்டை வேலை இல்லை, ஆக்சில் ஆயில், பிரேக், ஃபில்டர் வேலைகள் எல்லாம் அப்படியே உண்டு.

ஏறும் முன் காற்றைக் குறைக்க வேண்டும். ரோட்டில் 30 பிஎஸ்ஐ-க்குப் பக்கத்தில் ஓடும் டயரைக் கல்பாதைக்கு 20–22-க்கு இறக்கினால், டயர் கல்லின் மேல் படிந்து பிடிக்கும், குலுக்கலும் பாதியாகும். மணலில் 15 வரை போகலாம், ஆனால் டியூப்லெஸ்ஸில் மட்டும். டியூப் போட்ட 6.00-16 டயரில் 20-க்குக் கீழே வேண்டாம்: முறுக்கு கொடுக்கும்போது டயர் ரிம்மில் வழுக்கும், டியூபும் கூடவே நகரும், வால்வு அடியோடு கிழியும். அந்தக் கிழிசலுக்கு பஞ்சர் கடையில் வைத்தியம் இல்லை. காற்றை அளப்பது டயர் குளிர்ந்திருக்கும்போது. அடிவாரத்தில் 35 டிகிரியில் அளந்தது மேலே 10 டிகிரியில் அதே அளவாக இருக்காது. இறங்கியதும் ஏற்றிக்கொள்ள 12 வோல்ட் கம்ப்ரஸர் வேண்டும். அதை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டினால் ஃபியூஸ் போகலாம். பேட்டரி முனையிலேயே கிளிப் போடுங்கள்.

ஃப்ரீவீல் ஹப் (முன்சக்கரத்தை ஆக்சிலோடு கோக்கவோ விடவோ கையால் திருகும் பூட்டு) உள்ள வண்டியில் அதை அடிவாரத்திலேயே லாக் செய்துவிடுங்கள். சேற்றில் மாட்டியபிறகு இறங்கித் திருகப் போனால் ஹப்பே சேற்றுக்குள் இருக்கும். அதேபோல, காய்ந்த தார் ரோடு வந்ததும் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள். இந்த வண்டிகளில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் சுற்ற வேண்டும். மண்ணில் சறுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் சறுக்க முடியாமல் அந்த முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் (இழுவையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் பெட்டி) கிராஸிலும் ஏறி நிற்கும். ஃபோர் வீல் லிவர் வராமல் அடம்பிடிப்பதற்குக் காரணம் இதுதான். இழுத்து உடைக்காமல் நாலைந்து மீட்டர் நேராக ரிவர்ஸ் எடுங்கள், தானே விடும்.

இறக்கத்தில் லோ ரேஞ்ச் (டிரான்ஸ்ஃபர் கேஸின் மெதுவான கியர்), ஃபர்ஸ்ட் கியர், கிளட்ச் பெடலில் கால் படவே கூடாது. லோவில் வேகம் வெகுவாகக் குறையும், வண்டியை எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் வழுக்கி ஒதுங்கினால் பிரேக்கை மிதிக்கத்தான் கால் துடிக்கும். மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு இன்னும் வழுக்கும். லேசாக ஆக்சிலேட்டர் கொடுங்கள், சக்கரம் சுற்றிப் பிடிக்கும். ஏற்றத்தில் பாதியில் எஞ்சின் நின்றுவிட்டால் திருப்ப முயலவே கூடாது, வண்டி பக்கவாட்டில் உருளும். பிரேக்கை அழுத்தியபடி ரிவர்ஸ் கியர் போட்டு, கிளட்சை விட்டு, அப்படியே சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் இழுப்பிலேயே பழைய ஜீப் கியரோடு ஸ்டார்ட் ஆகும். பிரேக்கை மெல்ல விட்டு நேர்கோட்டில் பின்னால் இறங்கலாம். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் புது வண்டிகளில் ஹேண்ட்பிரேக்கும் கால்பிரேக்கும் பிடித்து, ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸில் கிளட்சை விட்டுக்கொண்டே, அது பிடிக்கத் தொடங்கியபிறகே பிரேக்கை மெல்ல விட வேண்டும்.

ஓடை கடப்பதில் ஆழத்தைக் கம்பால் பார்ப்பது எல்லாரும் செய்வதுதான். புது தாருக்கு 650 மி.மீ. வரை என்று கம்பெனி சொல்கிறது. பழைய ஜீப்பில் ஹப்பின் நடுமட்டத்தைத் தாண்டினால் யோசித்து இறக்குங்கள். லோவில் ஃபர்ஸ்ட் அல்லது செகண்டில், நடக்கிற வேகத்தில் போனால் முன்னால் ஒரு சின்ன அலை உண்டாகி, அதன் பின்னால் எஞ்சின் பக்கம் மட்டம் தாழும். வேகமாக இறக்கினால் தண்ணீர் ஃபேனில் அடித்து, இறக்கை முன்னால் வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும். பெல்டில் ஓடும் ஃபேனாக இருந்தால் பம்பருக்கு முன்னால் ஒரு தார்ப்பாய் கட்டுவது மலிவான காப்பு. நடுவில் எஞ்சின் நின்றுபோய், ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். இழுத்து வெளியே கொண்டுவந்து, டீசலில் இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ, பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்கையோ கழற்றிவிட்டு, அதன்பிறகு எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

இனி மறுநாள் வேலை. முதலில் கிரவுன் ஹவுசிங், அதாவது ஆக்சிலின் நடுவே கிரவுன் பல்சக்கரம் இருக்கும் பெட்டி.

ஏற்றத்தில் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் இறங்கியதும், உள்ளே இருக்கும் காற்று சட்டெனச் சுருங்குகிறது. ஹவுசிங்கின் தலையில் இருக்கும் பிரீதர் என்ற காற்று மூடி வழியாக வெளிக்காற்று உள்ளே வந்து அதை ஈடுகட்ட வேண்டும். அந்தச் சுண்டுவிரல் அளவுச் சாமான் சேறு பூசி அடைத்திருந்தால், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சீல் புதிதாக இருந்தாலும் இதைத் தடுக்காது. உள்ளேயிருந்து வெளியே ஆயில் வராமல் காக்கத்தான் அதன் உதடு அமைந்திருக்கிறது. பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி, மூடி ஆடுகிறதா பாருங்கள். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நிப்பிள் போட்டு, டீசல் ஹோஸ் ஒன்றை எஞ்சின் பேயின் உயரம் வரை கொண்டுபோய்க் கட்டினால் இந்தத் தொல்லை தீரும். ஆக்சில் மேலும் கீழும் ஆடும் என்பதால் ஹோஸில் ஒரு முழம் தொய்வு விட வேண்டும்.

தண்ணீர் புகுந்ததா என்று பார்க்க இரவு முழுக்க வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். டிரெயினைத் திறந்து ஆயிலை விட்டபிறகு ஃபில்லர் துருப்பிடித்து வரவில்லை என்றால் வண்டி அங்கேயே கிடக்கும். அடுத்து டிரெயின் பிளக்கை அரைச்சுற்று மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கியிருக்கும். முதலில் தெளிவாகச் சொட்டினால் அதுதான் சாட்சி. ஏற்கெனவே ஓட்டிக் கலக்கியிருந்தால் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் வரும். அப்படி வந்தால் முழுக்க வடித்து, மலிவான 90 ஆயில் ஊற்றிப் பத்து கிலோமீட்டர் ஓட்டி, சூட்டோடு மறுபடி வடித்துவிட்டு, அப்புறம்தான் நல்ல ஆயில். டீசல் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் பல ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. அந்த டீசல் மூலைகளில் தங்கிப் புது ஆயிலை நீர்க்கச் செய்யும், எனக்கு உடன்பாடில்லை. ஆக்சிலுக்கு ஜிஎல்-5 தரத்தில் (ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தரக் குறி) 80டபிள்யூ-90 அல்லது 90 ஆயில். மேனுவல் ஜிஎல்-4 கேட்கிற கியர்பாக்ஸில் அதே டப்பாவின் மிச்சத்தை ஊற்றிவிடாதீர்கள், சில ஜிஎல்-5 ஆயில்கள் கியர் மாற உதவும் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கும். ஃபில்லர் ஓட்டையின் கீழ்விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் கறுப்பு மசி ஒட்டியிருப்பது இயல்பு. நகத்துண்டு போல இரும்புச் சில்லு இருந்தால் கிரவுன் பினியனைத் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

அடுத்து ஹப். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, டயரின் தலையிலும் அடியிலும் கைவைத்து ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் பேரிங்கா கிங்பின்னா (முன்சக்கரம் திரும்பும் அச்சு) என்ற குழப்பம் வரும். இன்னொருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்; நிற்காமல் ஆடினால் கிங்பின். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் பேரிங்கை மாற்றிக் காசை இறைப்பவர்கள் ஏராளம். டயரின் இடது வலதில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டைப் (ஸ்டியரிங் தண்டின் முனை மூட்டு) பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறுவதற்குப் பெரும்பாலும் கிங்பின், டை ராட் எண்ட் இரண்டில் ஒன்றோ இரண்டுமோதான் காரணம். ஸ்டியரிங் டேம்பர் மாட்டினால் உதறல் அடங்கும், தேய்மானம் அப்படியே இருக்கும்.

பேரிங்கைக் கழற்றினால் கிரீஸ் வெண்ணெய்போல வெளுத்திருக்கிறதா பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, புது கிரீஸை உருளைகளுக்கு நடுவே உள்ளங்கையால் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை அடைக்க வேண்டும். மேலே தடவினால் போதாது. நட்டை ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி லாக் செய்யுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம்.

கிராஸுக்கு வருவோம். பிரொப்பெல்லர் ஷாஃப்டின் ஒவ்வொரு கிராஸிலும் நாலு கப். கிரீஸ் கன் அடிக்கும்போது நாலிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியேறிப் புதிது எட்டிப்பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்றுதான் முதலில் போகும். கப் விளிம்பில் செங்கல் நிறத்தில் துருப்பொடி தெரிந்தால் ஊசி உருளைகள் ஏற்கெனவே பொடியாகிவிட்டன. கிரீஸ் அடித்துப் பயனில்லை, மாற்றுங்கள். ஷாஃப்டைக் கழற்றும்போது, நீண்டு சுருங்கும் ஸ்லிப் யோக்கின் இரு பாதியிலும் நேர்க்கோடு ஒன்று பெயின்ட்டால் போட்டுவையுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் 50-ல் வண்டி முழுக்க அதிரும், காரணம் தெரியாமல் சக்கரத்தை பேலன்ஸ் செய்துகொண்டிருப்பீர்கள். லித்தியம் கிரீஸ், ஏபி 3 என்று கேட்டால் கடையில் கொடுப்பது, இதற்கும் பட்டை முனையின் ஷேக்கிளுக்கும் போதும்.

பட்டைகளில் விரிசல் எங்கே விழும் என்றால், பெரும்பாலும் பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டி. யூ போல்ட் தளர்ந்ததும் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்து, எல்லாப் பளுவும் அந்தச் சின்னப் போல்ட்டில் விழுகிறது. போல்ட் துண்டானால் ஆக்சில் ஒரு பக்கம் பின்வாங்கும், வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். இடது பக்கம் முன் ஹப்பிலிருந்து பின் ஹப்புக்கு டேப் வைத்து அளந்து, வலதோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். நாலு நட்டையும் எக்ஸ் வரிசையில் இறுக்குங்கள். புதுப் பட்டை போட்டிருந்தால் 500 கிலோமீட்டரில் மறுபடி.

மற்றவை சுருக்கமாக. பின் டிரம்மைக் கழற்றினால் உள்ளே வண்டல் கொட்டும். கழுவிவிடாமல் ஓட்டினால் ஷூவும் டிரம்மும் சேர்ந்து தேயும். ரேடியேட்டரின் இடுக்கில் ஏறிய சேற்றையும் புல்விதையையும் எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள், வாட்டர் சர்வீஸ் கன்னால் அடித்தால் ஃபின் மடங்கிவிடும். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்ளே விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் புழுதி ஒட்டினால் ஃபில்டர் உட்காரவில்லை, அந்தப் புழுதி சிலிண்டரைத் தின்றுகொண்டிருக்கிறது. டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து, தண்ணீர் போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை விடுங்கள். பிரேக் ஆயில் ஈரம் குடிக்கும் சமாசாரம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் நீண்ட இறக்கத்தில் கொதித்து, பெடல் பஞ்சுபோல உள்ளே போகும்.

மாட்டிய வண்டியை இழுப்பதற்கு டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டை) கயிறு போடாதீர்கள், உருண்டை ஒடிந்தால் பறந்து ஆளைக் கொல்லும். சேசிஸில் போல்ட் போட்ட கொக்கி, 4.75 டன் வில் ஷேக்கிள் (கயிற்றைக் கோக்கும் வளைய மாட்டி), கயிற்றின் நடுவே ஈரச் சாக்கு, கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு அப்பால் ஆட்கள். இரும்புச் சங்கிலியால் வெடுக்கென்று இழுப்பது கூடவே கூடாது.

எங்கே ஓட்டுவது என்பதற்கு ஒரு வரி: காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டி விடுவது வனச் சட்டப்படி குற்றம். எஸ்டேட் பாதை என்றால் எஸ்டேட்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய எந்த வேலைக்குப் பிறகும் 50 கிலோமீட்டரில் வீல் நட்டை மறுபடி இறுக்குங்கள். ரிம்முக்கும் டிரம்முக்கும் நடுவே ஒட்டியிருந்த சேறு காய்ந்து உதிரும்போது நட்டுகள் தானாகவே இளகும்.