ஐசியூவில் இறந்தாலும் போஸ்ட்மார்ட்டம் உண்டு

சித்தப்பா உசிலம்பட்டி ரோட்டில் வண்டியோடு விழுந்தார். நாய் குறுக்கே வந்துவிட்டது. தலையில் அடி. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் வாரக்கணக்கில் கிடந்து, கடைசியில் நிமோனியா வந்து இறந்தார். பாடியை நேரே ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று இருந்தோம். "போஸ்ட்மார்ட்டம் பண்ணாம தர முடியாது" என்றார்கள். "நிமோனியாவுக்கு எதுக்குய்யா அறுக்கணும்?" என்று பெரியப்பா சத்தம் போட்டார்.

டாக்டர் சொன்னது சரிதான். எத்தனை நாள் கழித்து இறந்தாலும், படுக்கையில் தள்ளியது விபத்து என்றால் அது இயற்கை மரணம் இல்லை. விபத்து, தற்கொலை, கொலை, விஷம், பாம்புக்கடி, சந்தேக மரணம் எல்லாமே போலீஸ் விசாரணைக்குள் வரும். முன்பு இதற்கான சட்டப் பிரிவு சி.ஆர்.பி.சி. (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 174, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 194. கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் சேரும். வேண்டாம் என்று நாம் எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடாது.

இனிதான் கூத்து. அட்மிஷன் அன்று கவுண்டரில் இருந்தவர், போலீஸ் கேஸ் எதற்கு என்று அவராகவே 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று பதிந்து வைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கத்து ஸ்டேஷனில், "சம்பவம் எங்க லிமிட் இல்ல." ஊர்ப் பக்கத்து ஸ்டேஷனில், "வீட்ல விழுந்ததா எழுதியிருக்கு, நீங்க ரோடுங்கிறீங்க. எது நிஜம்?" சித்தி ஐஸ் பெட்டி பக்கத்தில் அழுதுகொண்டிருக்க, நாங்கள் ஸ்டேஷன் ரைட்டர் மேஜை முன்னால் நின்றோம்.

கேஸ் ஷீட் கட்டுக்குள் 108 ஊழியர் கொடுத்துவிட்டுப் போன தாள் அகப்பட்டது. ஏற்றிய இடம், நேரம், 'டூவீலரில் இருந்து விழுந்தவர்' எல்லாம் அதில் தெளிவாக இருந்தது. அதை மேஜையில் வைத்ததும் ரைட்டர் பேச்சே மாறிவிட்டது. புகார் எழுதி வாங்கி எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். ஆகவே அடிபட்டவரைச் சேர்க்கும்போதே ஏ.ஆர். பதிவில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பாருங்கள்.

அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் இரவிலும் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று 2021-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. ஆனால் போலீஸ் கடிதம் கைக்கு வராமல் எந்த டாக்டரும் தொடமாட்டார். மறுநாள் காலை பஞ்சாயத்தார் (விசாரணைக்குச் சாட்சியாக நிற்பவர்கள்) கையெழுத்து, பிரேத விசாரணை, அரசு ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம் எல்லாம் மளமளவென்று முடிந்தன. விசாரணைத் தாளில் பெயரும் இனிஷியலும் ஆதாரில் இருக்கிறபடியே இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வருஷம் 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் விபத்துக் காப்பீட்டில் 2 லட்சம் கேட்கப் போனால் எஃப்.ஐ.ஆரும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டும் இல்லாமல் பேங்கில் ஒன்றும் நடக்காது. இறப்புச் சான்றிதழ் ஊரில் கிடைக்காது. உயிர் போனது மதுரையில் என்பதால் மாநகராட்சியில்தான் பதிவு.

மார்ச்சுவரி வாசலில் வண்டிக்காரர்கள் வந்து மொய்ப்பார்கள், வாய்க்கு வந்த ரேட் சொல்வார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இருந்து கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. 155377-க்குப் போன் செய்யுங்கள்.