விவாகரத்து வழக்கில் பராமரிப்பு மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்

தக்கலையில் அம்மா வீட்டுக்கு வந்த பிறகு, கணவர் இருக்கும் சென்னையில்தான் வழக்குப் போட வேண்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். அது சரியல்ல. இந்துத் திருமணச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தப்படி, மனைவி தான் குடியிருக்கும் பகுதிக்குரிய நீதிமன்றத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம். நான் நாகர்கோவிலில் செய்தேன். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்கும் பெண்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

யார் பக்கம் நியாயம் என்று முதல் நாளே நீதிபதி கேட்பார் என எதிர்பார்க்காதீர்கள். எதிர்த்தரப்புக்குச் சம்மன் சேர்வதற்கே சில வாய்தாக்கள் போய்விடும். பிறகு கவுன்சிலிங். சேர்த்துவைக்க முயல்வது குடும்ப நீதிமன்றத்தின் சட்டக் கடமை. "பிள்ளைக்காகவாவது யோசித்துப் பாரம்மா" என்று ஆலோசகர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும், யாரும் குறுக்கிடாமல் நடந்ததை முழுதாகச் சொல்லி முடித்தது அந்த அறையில்தான்.

என் வக்கீல் செய்த பெரிய உதவி, விவாகரத்து மனுவுடனேயே இடைக்காலப் பராமரிப்பு மனுவையும், அதாவது வழக்கு முடியும்வரை ஜீவனாம்சம் கேட்கும் மனுவையும், போட்டது. வழக்கு எவ்வளவு இழுத்தாலும் மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். ஆகவே பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கண்ணீரைவிட அந்தக் காகிதங்கள்தான் எனக்காகப் பேசின.

எங்கள் மாவட்டத்துக் கிறிஸ்தவச் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். திருச்சபைத் தீர்ப்பாயம் திருமணம் செல்லாது என்று அறிவித்தாலும், சட்டப்படி பிரிவதற்கு நீதிமன்ற ஆணை வேண்டும்.

சமரச மையத்தில் பேசியபின் எங்கள் வழக்கு பரஸ்பர சம்மத விவாகரத்தாக மாறியது. அதில் முதல் மனுவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். நீண்ட காலம் பிரிந்து வாழ்ந்து, எல்லாம் பேசி முடிந்திருந்தால் அந்தக் காலத்தைத் தளர்த்தக் கேட்கலாம். 2017இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி திறந்தது. எங்களுக்குத் தளர்த்தினார்கள்.

நம் பக்கத்தில் கடைசி வரை இழுப்பது சீதன நகைதான். "நகைகளைத் திருப்பித் தருவார்" என்று பொதுவாக எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு உருப்படியும், அதன் எடையும், ஒப்படைக்கும் தேதியும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நகை கைக்கு வந்த பிறகே நான் இறுதி வாக்குமூலம் கொடுத்தேன். தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கூடுதலாகவே வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை நீக்கப் போனபோது முதலில் அதைத்தான் கேட்டார்கள்.